முடியாத இசைக்கு முடிவு எழுதுகிறவர்கள்: வீடியோ கேம் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

டோக்கியோவில் சன்டோரி ஹால் என்று ஓர் இசையரங்கம் இருக்கிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கென்றே கட்டி 1986 அக்டோபரில் திறந்தார்கள். திறந்து ஓராண்டு முடிவதற்குள், 1987 ஆகஸ்ட் 20 அன்று, அதே மேடையில் ஒரு வீடியோ கேமின் பின்னணி இசை வாசிக்கப்பட்டது. கேமின் பெயர் டிராகன் குவெஸ்ட். வீட்டு டிவியில் இணைத்துப் பிள்ளைகள் மணிக்கணக்காக விளையாடிய கேம். அதற்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமாவுக்கு அப்போது 56 வயது. பாடல்கள், டிவி நிகழ்ச்சிகள், விளம்பரங்கள் என்று ஜப்பானில் ஏற்கெனவே பெயர் வாங்கியவர். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் கேமை விளையாடிப் பார்த்துவிட்டு, பெட்டியில் இருந்த கருத்துச் சீட்டை நிரப்பினார். அதைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் இவரைத் தேடி வந்தார்கள். அப்படித்தான் கேம் இசைக்குள் நுழைந்தார்.

டிராகன் குவெஸ்டின் முகப்பு இசையை 2021 ஜூலையில் உலகமே கேட்டது. டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வரத் தொடங்கியபோது முதலில் ஒலித்தது அதுதான். சுகியாமா அந்த ஆண்டு செப்டம்பரில் 90 வயதில் காலமானார்.

இன்றைக்கு ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் என்று பல இடங்களில் பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்கள் கேம் இசையை வாசிக்கின்றன. கேம் விளையாடுகிறவர்கள் போகிறார்கள், சரி. விளையாடாதவர்களும் போகிறார்கள், கூட இழுத்துவரப்பட்ட அப்பா அம்மாக்களும் உட்பட. அங்கே என்னதான் நடக்கிறது, எதைக் கவனித்தால் ரசிக்கலாம் என்று முதல் முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இசைக் குறிப்பு படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

விளையாடுகிறவருக்காகக் காத்திருக்கும் இசை

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சினிமாவில் ரீரெக்கார்டிங் செய்கிற இசையமைப்பாளருக்கு ஒரு காட்சி எத்தனை விநாடி ஓடும் என்று தெரியும். கதாநாயகன் கதவைத் திறக்கிற அந்தக் கணத்தில் வயலின்கள் எழ வேண்டும் என்றால், கணக்குப் போட்டு எழுதிவிடலாம். எந்தத் தியேட்டரில் எத்தனை முறை ஓட்டினாலும் கதவு அதே நேரத்தில்தான் திறக்கும்.

கேமில் கதவைத் திறப்பது நீங்கள். இரண்டு நிமிடத்தில் திறக்கலாம். வழி தெரியாமல் அரை மணி நேரம் சுற்றலாம். நடுவில் எழுந்து சாப்பிடப் போய்விட்டால் அதுவரை இசை என்ன செய்யும்? அதனால் கேம் இசையின் மிகப் பழைய உத்தி, லூப். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ ஓடி, முடிந்த இடம் தெரியாமல் மறுபடி தொடங்கும். நல்ல லூப் எழுதுவது லேசான வேலையில்லை. ஐம்பது முறை கேட்டாலும் எரிச்சல் வரக் கூடாது. கடைசி நோட்டு முதல் நோட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். முடிந்துவிட்டது என்ற உணர்வு எங்கேயும் வந்துவிடக் கூடாது.

இரண்டாவது உத்தி, நீங்கள் செய்வதற்கேற்ப இசை மாறுவது. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நாலே நாலு நோட்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். வேற்றுக்கிரகக் கூட்டம் குறையக் குறைய அவற்றின் வேகம் கூடும், அவ்வளவுதான். ஆனால் விளையாடுகிறவரின் நெஞ்சும் சேர்ந்து படபடக்கும். 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் நேரம் 100-க்குக் கீழே போனதும் அதே பாட்டு அவசர அவசரமாக ஓடத் தொடங்கும். 1991-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் இதற்கென்றே ஐமியூஸ் என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். அதைப் பயன்படுத்திய மங்கி ஐலண்ட் இரண்டாம் பாகத்தில், துறைமுக ஊரின் ஒவ்வொரு கடைக்குள் நுழையும்போதும் ட்யூன் அறுந்துபோகாமல் அந்தக் கடைக்குரிய வாத்தியத்துக்கு மாறிக்கொள்ளும். இன்றைய பெரிய கேம்களில் இசையைப் பல அடுக்குகளாகப் பதிவு செய்து வைக்கிறார்கள். எதிரி கண்ணில் பட்டால் தாள அடுக்கு சேர்ந்துகொள்ளும். சண்டை முடிந்தால் அது மட்டும் விலகிவிடும்.

ஆக, கேம் இசை என்பது முடிவு இல்லாமல், அளவு தெரியாமல், ஒரு ஆளுக்காகக் காத்திருக்கும்படி எழுதப்பட்டது. கச்சேரி அரங்கில் அந்த ஆள் இல்லை. இரண்டாயிரம் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராவால் சும்மா சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்க முடியாது. எங்கே தொடங்குவது, எங்கே ஏறுவது, எங்கே முடிப்பது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். அவர்தான் அரேஞ்சர். இந்தக் கச்சேரிகளில் போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பது கேமின் பெயர், அடுத்து இசையமைப்பாளர், அப்புறம் மேடையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர். அரேஞ்சர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய பெயர் அது.

ஐந்து சேனலில் இருந்து எண்பது பேருக்கு

பழைய கேம்களின் இசை அரங்கில் ஏன் அவ்வளவு புதிதாகக் கேட்கிறது என்பதற்கு இன்னொரு காரணம், அது பிறந்த இடம்.

நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியில் ஒலிக்கு மொத்தம் ஐந்து சேனல்கள். இரண்டு சதுர அலைகள். மெலடிக்கு ஒன்று, துணைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முக்கோண அலை. பெரும்பாலும் கீழ்ஸ்தாயியில் பேஸ் வாசிக்க. ஒன்று வெறும் இரைச்சல்; டிரம்ஸுக்குப் பதிலாக ‘ட்ச்... ட்ச்’ என்று ஒலிக்கும். ஐந்தாவதில் துண்டு துண்டாகப் பதிவு செய்த ஒலிகளை ஓட்டலாம். முக்கோண அலைக்கு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. இதில் இன்னொரு தொல்லை: நீங்கள் வாளை வீசினாலோ குதித்தாலோ அந்தச் சத்தத்துக்கும் இதே ஐந்தில்தான் இடம் வேண்டும். அந்தக் கண நேரத்துக்கு இசையிலிருந்து ஒரு குரல் காணாமல் போய்விடும்.

இவ்வளவு நெருக்கடியில் எழுதியதால் அந்தக் கால இசையமைப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒலியின் அழகை நம்பி எதையும் விட்டுவைக்க முடியாது. ட்யூனே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். மாரியோவுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ எழுதியவற்றை ஒரு முறை கேட்டவர்கள் முணுமுணுப்பதற்குக் காரணம் அது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் காப்பாற்றி வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் 2023-இல் அந்த மாரியோ ட்யூனைச் சேர்த்தது. ஒரு கேமிலிருந்து அந்தப் பட்டியலுக்குள் போன முதல் இசை அதுதான்.

சுகியாமா வேறொரு வழியில் போனார். இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னிக்கொள்ளும் பாஃக் என்ற பழைய ஜெர்மானிய இசையமைப்பாளரின் காலத்துப் பாணியை எடுத்துக்கொண்டார். அரண்மனைக்குள் நுழைந்ததும் கேட்கும் இசை அப்படிப்பட்டது. கருவியின் ஒலிச் சிப்பில் கேட்டால் பொம்மைப் பெட்டி சத்தம்தான். ஆனால் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு முழுக்க முழுக்க ஆர்கெஸ்ட்ராவுடையது. வயலின்கள் ஒரு குரலையும் செல்லோக்கள் இன்னொன்றையும் வாங்கிக்கொண்டதும் அது இயல்பாக நிமிர்ந்து நிற்கிறது.

முதல் முறை அரங்கில் உட்காரும்போது இதை ஒரு விளையாட்டாகவே செய்து பார்க்கலாம். வீட்டில் மூல ட்யூனை இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டுப் போங்கள். அரங்கில், அந்த முக்கோண அலை பேஸ் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் செல்லோவும் டபுள் பேஸும் பாசூனும் சேர்ந்து எடுத்துக்கொண்டிருக்கும். சிப்பில் ஒரே அளவில் இரைந்துகொண்டிருந்தது, இங்கே மூச்சு விட்டு ஏறி இறங்கும். அந்த ‘ட்ச்’ இரைச்சல் ஸ்னேர் டிரம்மாகவோ, சில சமயம் வயலின்காரர்கள் வில்லால் நறுக்கென்று தட்டும் ஒலியாகவோ மாறியிருக்கும். மெலடி எல்லா நேரமும் வயலினிடமே இருந்தால் அரேஞ்சர் கொஞ்சம் சோம்பேறி. ஓபோவுக்குப் போய், ஹார்னுக்குத் தாவி, திரும்பி வந்தால் நல்ல கை.

மெட்லி, தொகுப்பு, சிம்பொனிக் கவிதை

அரேஞ்சர்கள் செய்வதில் மூன்று தரம் உண்டு என்று நான் நினைக்கிறேன். வகை என்றுதான் மரியாதையாகச் சொல்ல வேண்டும், ஆனால் எனக்கு இவை தரம்தான்.

மெட்லி எல்லோருக்கும் தெரியும். ஒரு கேமின் புகழ்பெற்ற ஏழெட்டு ட்யூன்களை வரிசையாக, ஒவ்வொன்றும் அரை நிமிடம் முக்கால் நிமிடம் என்று கோத்துவிடுவது. ஒவ்வொன்று தொடங்கும்போதும் அரங்கில் ஒரு ‘ஹா’ எழும். அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ட்யூனும் சூடு பிடிக்கும் நேரத்தில் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். கேமைத் தெரியாதவர்களுக்கு இது முகவரி தெரியாத ஊரில் பஸ்ஸை மாற்றி மாற்றி ஏறிக்கொண்டிருப்பதுதான்.

தொகுப்பு அதைவிட மேல். சுகியாமாவின் டிராகன் குவெஸ்ட் சிம்பொனிக் தொகுப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முகப்பு, அரண்மனை, ஊர், வெட்டவெளி, குகை, சண்டை, முடிவு என்று ஒவ்வொன்றும் தனித்தனி உருப்படியாக, தனக்குரிய தொடக்கமும் முடிவுமாக நிற்கும். கதையை அறியாதவர்கூட ஒரு பயணம் போய்வந்ததாக உணரலாம்.

மூன்றாவது, ட்யூன்களை மூலப்பொருளாக மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஒரு படைப்பை எழுதுவது. இதற்குப் பெயர்போனவர் ஜெர்மனியைச் சேர்ந்த தயாரிப்பாளர் தாமஸ் பியோக்கர். ஜப்பானுக்கு வெளியே முதல் கேம் இசைக் கச்சேரியை 2003 ஆகஸ்டில் லைப்ஸிக் நகரின் கேவாண்ட்ஹவுஸ் அரங்கில் நடத்தியவரும் அவர்தான். 2013-இல் அவர் தயாரித்த ஃபைனல் சிம்பொனி, ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் ஆறு, ஏழு, பத்து ஆகிய மூன்று கேம்களை எடுத்துக்கொண்டது. ஆறாவது கேம் ஒரு சிம்பொனிக் கவிதை, அதாவது வாத்தியங்களாலேயே கதை சொல்லும் படைப்பு ஆனது. பத்தாவது, பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் எதிரெதிர் பேசிக்கொள்ளும் மூன்று பகுதி கன்செர்ட்டோ. அதை எழுதிய மசாஷி ஹமாவுஸு, அந்த கேமின் மூல இசையமைப்பாளர்களில் ஒருவர். ஏழாவது, மூன்று பகுதிகள் கொண்ட முழு சிம்பொனி. அரேஞ்சர் ஃபின்லாந்தின் யோன்னே வால்டோனென். மே மாதம் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் அரங்கேறியது; அதே மாதம் லண்டன் பார்பிக்கன் அரங்கில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. திரை இல்லை, விளையாட்டுக் காட்சிகள் இல்லை, கலர் விளக்கு இல்லை. வாத்தியங்கள் மட்டும்.

கர்நாடகக் கச்சேரியில் பாடகர் ஒரே ஒரு சாகித்ய வரியை எடுத்து நிரவல் செய்வார் அல்லவா? வரி அதேதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள் வேறு ஒரு அறை திறக்கும். இந்த மூன்றாவது வகை அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு பாத்திரத்தின் ட்யூன் முதலில் சோகமாக வரும். பத்து நிமிடம் கழித்து, வில்லனின் ட்யூனுக்கு அடியில் மெதுவாக ஒளிந்துகொண்டு வரும். கேமில் அவை இரண்டும் சந்தித்ததே கிடையாது. சந்தித்தால் எப்படி இருக்கும் என்று அரேஞ்சர் யோசித்திருக்கிறார்.

ஒரு மாதிரிக்கு: 64 கிலோபைட்டில் ஓர் ஓபரா

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே இடத்தில் கூடும் ஓர் உருப்படி இருக்கிறது. முதல் கச்சேரியில் நிகழ்ச்சி நிரலில் அது இருந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1994-இல் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது ஃபைனல் ஃபேண்டஸி ஆறு. இசை நொபுவோ உவெமாட்ஸு. முறைப்படி யாரிடமும் கற்காமல் தானாகவே இசை பழகியவர். அந்தக் கருவியில் ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள் ஒலிக்கலாம், ஆனால் ஒலிக்கான நினைவகம் மொத்தமே 64 கிலோபைட். இப்போது நம் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது. அந்த இடத்துக்குள் உவெமாட்ஸு ஓர் ஓபரா காட்சி, அதாவது பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகக் காட்சி எழுதினார். கதை இதுதான்: செலஸ் என்ற பெண் போர்வீரர், ஓர் ஓபரா நாயகியின் இடத்தில் மேடையேறிப் பாட வேண்டிய நிலை. வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டியது நீங்கள். திரையில் இரண்டு வரி காட்டுவார்கள், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் அவர் பாடுவார். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் காட்சி கெட்டுவிடும்.

பாடுவார் என்றேனே தவிர, அந்தக் கருவியில் மனிதக் குரலைப் பாட வைக்க இடமில்லை. ‘ஆ’ என்பது போன்ற ஒரு செயற்கைக் குரல் ஏறி இறங்கும், வரிகள் எழுத்தாகத் திரையில் ஓடும். விளையாடியவர்கள் மீதியை மனத்துக்குள் பாடிக்கொண்டார்கள். 1990-களில் அதை விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு உண்மையில் எப்படி இருக்கும் என்பது கற்பனைதான்.

கச்சேரியில் அது முழுமையாக நடக்கிறது. உண்மையான சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண் குரல்), டெனர் (மேல்ஸ்தாயி ஆண் குரல்), பேஸ் (கீழ்ஸ்தாயி ஆண் குரல்) பாடகர்கள், பின்னால் ஆர்கெஸ்ட்ரா, சில சமயம் கதை சொல்ல ஒருவர். ஃபைனல் ஃபேண்டஸிக்கென்றே 2007 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் தொடங்கி உலகம் சுற்றும் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் கச்சேரிகளில், கண்டக்டர் ஆர்னி ராத் இதைப் பல ஊர்களில் நடத்தியிருக்கிறார். அந்தப் பெண் குரல் எழும்போது கவனியுங்கள். கேமில் உங்கள் தேர்வுக்காக நின்று நின்று போன பாட்டு, இங்கே நிற்காமல் ஒரே மூச்சாகப் போகிறது. தப்பான வரியைத் தேர்ந்தெடுக்க இப்போது யாரும் இல்லை. பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அரங்கில் நடப்பவை

இனி நடைமுறை விஷயங்கள். பெரும்பாலான கேம் கச்சேரிகளில் மேடைக்கு மேலே பெரிய திரை இருக்கும். இசைக்கேற்ற கேம் காட்சிகள் ஓடும். திரையும் இசையும் சரியாகப் பொருந்த வேண்டும் என்றால் கண்டக்டர் காதில் ஒரு சின்ன இயர்போன் வழியாக ‘டிக் டிக்’ என்று தாளம் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட்டு அவரால் விலக முடியாது. ஓர் இடத்தில் கொஞ்சம் நிதானித்து இழுக்கலாம் என்று தோன்றினாலும் படம் ஓடிவிடும். அதனால்தான் திரை இல்லாத கச்சேரிகளில் இசை சற்றுச் சுதந்திரமாக மூச்சு விடுவதைக் கேட்கலாம். எனக்குத் திரை வேண்டாம். ஆனால் கேம் தெரியாத ஒருவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் திரை உள்ளதற்கே போங்கள். அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும்.

இரண்டாவது, ஒலிபெருக்கி. சன்டோரி, பார்பிக்கன் போன்ற இசையரங்குகளில் ஆர்கெஸ்ட்ராவை மைக் இல்லாமலே கேட்கலாம். விளையாட்டு அரங்குகள் போன்ற பெரிய இடங்களில் எல்லாமே ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம் செட்டும் சேர்ந்துவிட்டால் வயலின்கள் காணாமல் போகும் அபாயம் உண்டு. ராக் கச்சேரி மாதிரியே இருக்கட்டும் என்று விரும்புகிறவர்களுக்கு அதுவும் ஓர் அனுபவம். 2005-இல் ஹாலிவுட் பௌலில் தொடங்கிய வீடியோ கேம்ஸ் லைவ் என்ற கச்சேரி வரிசை அந்தப் பக்கம் சாய்ந்தது: விளக்கு, மேடைப் பேச்சு, பார்வையாளரை மேடைக்கே அழைத்து விளையாட விடுவது. வாத்தியங்களைக் கேட்க வேண்டும் என்று போகிறவர்கள் எந்த அரங்கம் என்பதைப் பார்த்து டிக்கெட் எடுப்பது நல்லது. முன்வரிசைக்கு அதிகப் பணம் கொடுக்கவும் அவசியமில்லை. முன்னால் உட்கார்ந்தால் வயலின் மட்டும்தான் காதில் விழும். நடுப்பகுதியிலோ மாடியிலோ எல்லாம் கலந்து வரும்.

கைதட்டல் பற்றிப் பலருக்கும் பயம். செவ்வியல் கச்சேரியில் ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே தட்டக் கூடாது, முழுதும் முடிந்த பிறகுதான். கேம் கச்சேரிகளில் இந்த விதி தளர்ந்தது. ட்யூன் தொடங்கியதுமே ஆரவாரம் வரும். சண்டையில் ஜெயித்தால் வரும் ஃபைனல் ஃபேண்டஸியின் அந்தக் குட்டி டிரம்பெட் முழக்கத்தை வாசித்தால் அரங்கே சிரிக்கும். பல கண்டக்டர்கள் நடுநடுவே மைக் பிடித்துப் பேசவும் செய்வார்கள். ஆனால் ஃபைனல் சிம்பொனி போன்றவற்றில் முழு அமைதி எதிர்பார்க்கப்படும். சந்தேகமாக இருந்தால் பக்கத்து ஆள் தட்டியதும் தட்டுங்கள், போதும்.

கோரஸ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் ஒன்-விங்டு ஏஞ்சல் வர வாய்ப்பு அதிகம். ஃபைனல் ஃபேண்டஸி ஏழில் (1997) கடைசி வில்லன் செஃபிரோத்துடன் மோதும்போது வரும் இசை. உவெமாட்ஸு சின்னச் சின்னத் துண்டுகளாக நிறைய எழுதிக்கொண்டு, அவற்றை எந்த வரிசையில் ஒட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்த்துச் செய்தது. லத்தீன் வரிகள் கார்மினா புரானா என்ற இடைக்காலப் பாடல் தொகுப்பிலிருந்து வந்தவை. கேட்டால் அந்த ஒட்டுகள் தெரியும். திடுதிப்பென்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், அதுதான் பயமுறுத்துகிறது. கோரஸ் ‘செஃபிரோத்!’ என்று கத்தும் இடத்தில் அரங்கில் பாதிப் பேர் சேர்ந்து கத்துவார்கள். கத்தலாம், தப்பில்லை.

இன்றைய கேம்களிலேயே நிஜ ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறதே, அப்புறம் எதற்கு நேரில் போக வேண்டும் என்று கேட்கலாம். ஸ்டுடியோவில் தந்தி வாத்தியங்களை ஒரு நாள், பித்தளைக் குழல்களை ஒரு நாள் என்று பிரித்துப் பதிவு செய்வது சாதாரணம். அடுக்குகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்க அப்படித்தான் வேண்டும். ஸ்கைரிம் (2011) கேமின் முகப்பு இசையில் கேட்கும் பெருங்கூட்டம், 30 பேர் சுமாரான ஒரு கோரஸை மூன்று முறை பதிவு செய்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தது. அரங்கில் அப்படி வைக்க முடியாது. இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசிக்க வேண்டும். பிரெஞ்சு ஹார்ன் ஏறும் முன் வயலின்கள் தணிவதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேமே தெரியாதவர்களுக்கு

விளையாடியவருக்கு ஒவ்வொரு ட்யூனோடும் ஒரு நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது இல்லாமல் போகிறவருக்கு இழப்பு உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் சில படைப்புகள் அந்த நினைவை நம்பி நிற்பதில்லை.

கிறிஸ்டபர் டின் எழுதிய பாபா யேட்டு அப்படிப்பட்டது. 2005-இல் வந்த சிவிலைசேஷன் நான்கு கேமின் தொடக்கத் திரைக்காக, கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தை ஸ்வாஹிலி மொழியில் பாட வைத்தார். 2011-இல் அதற்குக் கிராமி கிடைத்தது. கேம் இசை ஒன்று கிராமி வாங்கியது அதுவே முதல் முறை. கேம் என்றால் என்னவென்றே தெரியாத பாடகர் குழுக்கள் பல நாடுகளில் இதைப் பாடுகின்றன.

இன்னொன்று, ஆஸ்டின் வின்டோரியின் ஜர்னி (2012). பாலைவனத்தில் ஓர் உருவம் தூரத்து மலையை நோக்கி நடக்கும், அவ்வளவுதான் கேம். பேச்சே கிடையாது. விளையாடுகிறவரின் குரலாக ஒரே ஒரு செல்லோ. முதலில் அது தனியாக ஒலிக்கும், போகப் போக மற்ற வாத்தியங்கள் சேர்ந்துகொள்ளும், கடைசியில் பாடல். கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் முழு கேம் ஆல்பம் இது.

இந்த ஜர்னியை வைத்துச் சிகாகோவின் ஃபிஃப்த் ஹவுஸ் என்ஸெம்பிள் என்ற இசைக்குழு ஒரு துணிச்சலான வேலை செய்தது. மேடையில் ஒருவர் உண்மையிலேயே கேமை விளையாடுவார். அவர் எங்கே போகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைப் பார்த்துக் கண்டக்டர் கைகாட்ட, கலைஞர்கள் அதற்கேற்ற துண்டை வாசிப்பார்கள். அவர் ஒரு மணல்மேட்டில் சும்மா நின்றுவிட்டால் வாத்தியக்காரர்களும் அதே வரியில் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அரங்கிலிருந்து வெளியேற்றிய ஆளை மறுபடி உள்ளே கூட்டிவந்துவிட்டார்கள். இங்கே முடிவெழுத அரேஞ்சரால் முடியாது. அன்றன்றைக்கு விளையாடுகிறவர்தான் எழுதுகிறார். ஒவ்வொரு நாளும் கச்சேரியின் நீளம் மாறும். நான் மேலே சொன்னதற்கெல்லாம் நேர் எதிரான இந்த வழியும் பிரமாதமாக வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்

நேரில் போக வாய்ப்பு வருவதற்கு முன் பதிவுகளில் தொடங்கலாம். டென்மார்க்கின் தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, அயர்லாந்தைச் சேர்ந்த எமர் நூன் நடத்த, 2018-இல் கோப்பன்ஹேகனில் நடத்திய கேமிங் இன் சிம்பொனி கச்சேரியின் பகுதிகள் யூடியூபில் கிடைக்கின்றன. கேமராக்கள் வாத்தியக்காரர்கள் பக்கமே இருப்பதால், யார் எதை வாசிக்கிறார்கள் என்று பழகிக்கொள்ள இதைவிட நல்லது கிடைக்காது. எமர் நூன் தாமே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமுக்கு இசை எழுதியவர்.

2022 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் என்ற செவ்வியல் இசை விழாவின் முதல் கேம் இசைக் கச்சேரி நடந்தது. நடத்தியவர் ராபர்ட் ஏம்ஸ். வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, 1993-இல் இளையராஜாவின் சிம்பொனியைப் பதிவு செய்ததால் நமக்குப் பெயர் தெரிந்த அதே குழு. நூறாண்டு தாண்டிய விழா கேமுக்கு இடம் கொடுத்ததைப் பற்றி அங்கே சிலர் முகம் சுளித்தார்கள், பலர் இத்தனை வருடம் ஏன் ஆனது என்று கேட்டார்கள். நான் இரண்டாவது கட்சி.

பிறகு ஃபைனல் சிம்பொனி. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அபே ரோடு ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்திருக்கிறது. முதலில் ஏழாவது கேமின் சிம்பொனிக்கு நேராகப் போக வேண்டாம்; நீளம், அடர்த்தி இரண்டும் அதிகம். பத்தாவது கேமின் பியானோ கன்செர்ட்டோவில் தொடங்குங்கள். அதன் முதல் பகுதியை மட்டும் கேளுங்கள். கூடவே, அந்தக் கேம் தொடங்கும்போது வரும் டு சனர்கண்ட் என்ற தனிப் பியானோ உருப்படியையும் தேடிக் கேளுங்கள். சில நிமிடங்களே ஓடும் ட்யூன் அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, அந்தச் சின்ன ட்யூன் பெரிய படைப்பில் எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் முறை இரண்டு இடம் பிடிபட்டாலே நல்ல காதுதான்.